ஒன்றின் விலை என்ன?

2012-ல் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மாடி அறையில் இருந்தேன். ஃபிரிட்ஜில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு தட்டு. மற்ற தட்டுகள் உடன் தங்கியிருந்த மூன்று பேருக்கு. வாரச் சாப்பாட்டை இருபது பவுண்டுக்குள் முடிக்கணும் என்று கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டைச் சுத்தம் செய்தபோது, பிரிக்கவே பிரிக்காத ஒரு சாலட் இலைப் பாக்கெட் கையில் வந்தது. உள்ளே இலை எல்லாம் கறுத்துக் குழம்பாகியிருந்தது.

அதை ஏன் வாங்கினேன் என்று நன்றாக நினைவிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் ஒன்றரை பவுண்டு, இரண்டு எடுத்தால் இரண்டு பவுண்டு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஆனால் ஐம்பது பென்ஸுக்கு இன்னொரு முழுப் பாக்கெட் கிடைக்கும்போது ஒன்றை மட்டும் எடுக்க யாருக்குக் கை வரும்? அப்போது எனக்கு ஐம்பது பென்ஸ் பெரிய காசு. குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்றுதான் கணக்குப் போட்டேன். தின்றது ஒரு பாக்கெட், கொடுத்தது இரண்டு பவுண்டு. ஐம்பது பென்ஸ் கூடக் கொடுத்து ஒரு பை குப்பையை வீட்டுக்குச் சுமந்து வந்திருக்கிறேன்.

சரி, ஒன்றை மட்டும் எடுத்திருந்தால்? அப்போதும் ஒரு சின்ன எரிச்சல் இருந்திருக்கும். இரண்டு பவுண்டுக்கு இரண்டு தர முடிகிற கடை, எனக்கு மட்டும் ஏன் ஒன்றரை போடுது? அப்படியென்றால் அந்த ஒரு பாக்கெட்டின் உண்மையான விலைதான் என்ன? கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து பிடித்துக்கொண்டு அவ்வப்போது சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் 50 சதவீதத் தள்ளுபடி. ‘இரண்டு விலைக்கு மூன்று’ என்றால் 33 சதவீதம். ‘இரண்டாவது பாதி விலை’ என்பது கேட்க 50 போல இருக்கும், கணக்கில் 25 சதவீதம்தான். ‘50 சதவீதம் கூடுதல்’ என்று அச்சடித்த பெரிய டப்பாவும் 33 சதவீதம் விலை குறைத்த சாதா டப்பாவும், கிராமுக்கு என்ன விலை என்று பார்த்தால் ஒன்றேதான். ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. 2012-ல் அக்ஷய் ராவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கடையில் கை லோஷனை வைத்து இதைச் சோதித்தார்கள். விலையைக் குறைத்து விற்றதைவிட, அதற்குச் சமமான அளவைக் கூட்டிக் கொடுத்தபோது விற்பனை 73 சதவீதம் அதிகம். 50 என்ற எண் 33-ஐவிடப் பெரிது, அவ்வளவுதான் விஷயம். எதில் 50, எதில் 33 என்று மனசு கேட்பதில்லை.

இந்தச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எண் இருக்கிறது: தனியாக ஒன்றின் விலை. 50 சதவீதம் என்றால் எதில் 50? அந்த ஒன்றின் விலையில். அதை எழுதுவது யார்? கடைக்காரர். சாலட் பாக்கெட்டைத் தனியாக ஒரு பவுண்டுக்கு விற்றால், ‘இரண்டு இரண்டு பவுண்டு’ என்பதில் சலுகையே இல்லை. அதையே ஒன்றரை என்று மாற்றி எழுதியதும் ஒரு பவுண்டு மிச்சம் என்று ஆகிவிடுகிறது. கடைக்கு வந்த சரக்கு மாறவில்லை, இரண்டுக்கு நான் கொடுக்கும் காசும் மாறவில்லை. சீட்டில் ஒரு எண் மட்டும் மாறியிருக்கிறது.

நீதிமன்றம் போன வழக்கு மளிகை வழக்கு அல்ல, பெயின்ட் வழக்கு. மேரி கார்ட்டர் பெயின்ட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு டப்பா வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று விளம்பரம் செய்து விற்றது. ஒரு கேலன் 6 டாலர் 98 சென்ட். திருவிழாச் சலுகை மாதிரி நாலு நாள் விஷயம் இல்லை, வருடம் முழுக்க அப்படித்தான். ஃபெடரல் டிரேட் கமிஷன் நோட்டீஸ் விட்டது. அவர்கள் வாதம் ரொம்ப எளிமை. இந்த நிறுவனம் ஒரு டப்பாவைத் தனியாக 6.98-க்கு விற்ற வழக்கமே கிடையாது, ஆக 6.98 என்பது இரண்டு டப்பாவின் விலை. அதை ஒரு டப்பாவின் தலையில் ஏற்றிவிட்டு மற்றதை இலவசம் என்கிறார்கள்.

நிறுவனத்தின் பதிலும் லேசுப்பட்டது இல்லை. மற்ற கம்பெனிகள் இதே தரத்து பெயின்டை ஒரு டப்பா இந்த விலைக்குத்தானே விற்கிறார்கள்? எங்களிடம் அதே காசுக்கு இரண்டு கிடைக்கிறது, இதில் யார் ஏமாந்தார்கள்? கீழ் நீதிமன்றம் இதை ஏற்றுக் கமிஷனின் உத்தரவை ரத்து செய்தது. 1965 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கமிஷன் பக்கம் நின்றது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பிரென்னன், மாறுபட்டவர் ஹார்லன். ஒரு பொருளைத் தனியாக விற்ற பழக்கம் இருந்தால்தான் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை இருந்தால்தான் இன்னொன்றை இலவசம் என்று சொல்லலாம் என்பது இதில் நிலைபெற்றது. (அந்த பெயின்ட் கம்பெனி பிறகு பஹாமாஸில் பணம் போட்டு, 1968-ல் ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் என்று பெயரை மாற்றிக்கொண்டு சூதாட்ட விடுதித் தொழிலுக்குப் போய்விட்டது. இதை வைத்து ஜோக் அடிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.)

இந்தத் தந்திரம் மளிகைக் கடைக்குள் இத்தனை பெரிதாக வர இரண்டு விஷயம் தேவைப்பட்டது. ஒன்று, வாங்குபவர் தானே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை. 1916-ல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் மெம்ஃபிஸ் நகரில் பிக்லி விக்லி கடையைத் திறந்தார். அதுவரை கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, வேண்டியதைச் சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். அவர் ஒவ்வொரு பொருளிலும் விலையைப் போட்டு, கூடையை வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டார். கடைக்காரரிடம் பேசிய இடத்தில் விலைச் சீட்டு வந்து உட்கார்ந்தது. ‘ஒன்று போதும்பா’ என்று சொன்னால் அவர் கொசுறாக ஏதாவது கையில் திணிப்பார். சீட்டிடம் என்ன பேச முடியும்?

இரண்டாவது, பார்கோடு. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலம் டிராய் ஊரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக ஒரு பொருளை ஸ்கேன் செய்து விற்றார்கள். ரிக்லி சூயிங்கம், 67 சென்ட். அது பத்துப் பாக்கெட் சேர்ந்த ஒரு கட்டு என்பது எனக்குப் பிடித்த தகவல். ஸ்கேனர் வந்த பிறகு, ‘இந்த இருபது பொருளில் எதை வேண்டுமானாலும் மூன்று எடுங்கள்’ என்ற சலுகையைக் கல்லாவில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியதில்லை, மெஷின் பார்த்துக்கொள்ளும். கூடவே விலை பொருளின் மேலிருந்து இறங்கி அலமாரி விளிம்புக்குப் போனது. கழிவு பில்லின் அடியில் தனி வரியாக வர ஆரம்பித்தது. இப்போது உங்கள் பில்லை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு தயிருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தேடிப் பாருங்கள், மேலே ஒரு விலை, கீழே ஒரு கழிவு, நடுவே பதினைந்து பொருள் இருக்கும்.

கடைக்கு இதில் என்ன லாபம்? தள்ளுபடிக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைப் பல நேரம் சரக்கைத் தயாரிக்கும் கம்பெனியே கொடுக்கும். உங்கள் வீட்டு அலமாரியை அவர்கள் சரக்கு நிரப்பிவிட்டால், அடுத்த இரண்டு வாரம் போட்டிக் கம்பெனி சரக்கு உள்ளே வராது. அதோடு, வீட்டில் இருந்தால் தின்போம். அய்லவாடி, நெஸ்லின் என்ற இருவர் 1998-ல் தயிரையும் தக்காளி கெட்சப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தயிர் கூடுதலாக இருந்தால் ஜனங்கள் வேகமாகத் தின்று தீர்க்கிறார்கள். கெட்சப் விஷயத்தில் அவ்வளவு மாற்றம் இல்லை. எனக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது. கெட்சப்பை யார் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுவார்கள்?

அதே 1998-ல் வந்த இன்னொரு ஆய்வு எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்படும். அயோவா மாநிலம் சூ சிட்டியில் சூப் டின்களை லேசான தள்ளுபடியில் வைத்தார்கள். அளவு எதுவும் போடாதபோது வாங்குபவர் சராசரி 3.3 டின் எடுத்தார். ‘ஆளுக்கு 4 மட்டும்’ என்றபோது 3.5. ‘ஆளுக்கு 12 மட்டும்’ என்றபோது 7. போர்டில் எந்த எண் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் மனசு எண்ணத் தொடங்குகிறது என்பது முடிவு. நான் இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் பிரயன் வான்சிங்க். பிற்காலத்தில் அவருடைய வேறு பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2018-ல் கார்னெல் பல்கலைக்கழகம் அவர் ஆய்வு முறைகேடு செய்ததாகக் கண்டறிந்தது. எண்களை விட்டுவிடுங்கள். ‘10 டாலருக்கு 10’ என்று எழுதிய அமெரிக்கக் கடையில் ஒன்றை ஒரு டாலருக்கு எடுத்துக்கொண்டு போகலாம், பல கடைகளில் அதுதான் விதி. ஆனாலும் பத்தை எண்ணி எண்ணிக் கூடையில் போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சலுகை அங்கேதான் உச்சத்துக்குப் போனது. 2015-ல் அங்கே பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை, வீட்டு உணவுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் ஏதோ ஒரு சலுகையில் வாங்கப்படுவது என்றது. ஐரோப்பாவில் வேறெங்கும் இந்த அளவு இல்லை என்றும் சொன்னது. சலுகை இருப்பதால் வாங்கும் அளவே ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறதாம்.

முதலில் மாட்டியது பன்மடங்குச் சலுகை அல்ல, ‘பாதி விலை’ ஸ்ட்ராபெர்ரி. 3.99 பவுண்டு பழம் 1.99-க்கு என்று 2011-ல் டெஸ்கோ பல வாரம் விற்றது. 3.99 என்ற விலையில் அது விற்றதோ சில நாட்களே. 2013-ல் பர்மிங்ஹாம் நீதிமன்றம் 3 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதே வருடம் அக்டோபரில் டெஸ்கோ தானே ஒரு கணக்கை வெளியிட்டது: பையில் அடைத்து விற்கும் சாலட்டில் 68 சதவீதம் வீணாகிறது, அதில் பாதியளவு வாங்கியவர் வீட்டில். பெரிய சாலட் பைகளுக்கு இனி ‘இரண்டு எடுத்தால்’ சலுகை இல்லை என்றும் அறிவித்தது. செய்தியைப் படித்தபோது என் ஃபிரிட்ஜ் தட்டுதான் கண் முன்னால் வந்தது. 68-ல் நானும் ஒரு புள்ளி!

‘விச்?’ என்று ஒரு நுகர்வோர் அமைப்பு அங்கே உண்டு, பெயரிலேயே கேள்விக்குறியை வைத்திருப்பவர்கள். 2015 ஏப்ரலில் அவர்கள் போட்டி மற்றும் சந்தை ஆணையத்திடம் ‘சூப்பர் புகார்’ ஒன்றைக் கொடுத்தார்கள். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பு இப்படிப் புகார் தந்தால் ஆணையம் 90 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். புகாரில் இருந்த உதாரணங்களில் ஒரு பீட்சா கதை உண்டு. ஒன்றரை பவுண்டுக்கு விற்றுக்கொண்டிருந்த பீட்சா. ஒரு நாள் அதன் விலை 2 பவுண்டு ஆகிறது, கூடவே ‘இரண்டு 3 பவுண்டு’ என்று பலகை வருகிறது. சலுகை முடிந்ததும் மறுபடி ஒன்றரை. கணக்கைப் பாருங்கள்: இரண்டு வாங்கியவருக்கு ஒரு பென்னி லாபம் இல்லை, எப்போதும் கொடுக்கும் விலைதான். ஒன்று வாங்கியவர் அரை பவுண்டு கூடக் கொடுத்தார். சலுகை என்ற பெயரில் நடந்த ஒரே மாற்றம், தனியாள் மேல் ஏறிய அந்த அரை பவுண்டு. மேரி கார்ட்டர் தீர்ப்பு வந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

யார் இந்தத் தனியாள்? வயதான பாட்டி, அறையில் இருக்கும் மாணவன், ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் காசு வைத்திருப்பவர், கார் இல்லாமல் இரண்டு பையை மட்டும் பஸ்ஸில் தூக்கிவர முடிந்தவர். இரண்டாவதை வாங்க முன்பணமும் வைக்க இடமும் உள்ளவருக்குக் கிடைக்கும் சலுகைக்கு, இரண்டும் இல்லாதவர் பணம் கட்டுகிறார். விலையில் ஏழை பணக்காரன் என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் வேலை அப்படித்தான் நடக்கும்.

ஆணையம் ஜூலையில் பதில் சொன்னது. குழப்பும் சலுகைகள், தவறாக வழிநடத்தக்கூடிய சலுகைகள் இருப்பது உண்மை, ஆனால் எங்கும் பரவிய முறையான பிரச்சினை அல்ல என்றது. எனக்கு அந்தப் பதில் கொஞ்சம் வழவழ என்றே பட்டது. ஆனாலும் விளைவு இருந்தது. 2016 பிப்ரவரியில் சேன்ஸ்பரீஸ் தன் கடைகளில் பன்மடங்குச் சலுகைகளை ஆகஸ்டுக்குள் பெரும்பாலும் எடுத்துவிடுவதாக அறிவித்தது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. ஜனங்கள் அடிக்கடி வந்து கொஞ்சமாக வாங்கத் தொடங்கிவிட்டார்கள், ஆல்டி, லிட்ல் போன்ற மலிவுக் கடைகள் ஒன்றையே குறைந்த விலைக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தன.

ஒன்றின் விலையை நேராகக் கையில் பிடித்த சட்டம் என்று நான் பார்த்தது ஸ்காட்லாந்தில். 2011 அக்டோபர் 1 முதல் அங்கே மதுவுக்குப் பன்மடங்குச் சலுகை கிடையாது. பல பாட்டில் சேர்ந்த கட்டின் விலை, அதே கடையில் தனியாக விற்கும் பாட்டில் விலையின் கூட்டுத்தொகைக்குக் குறையக்கூடாது. அழகான விதி, ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. தனி பாட்டிலை விற்காமலே விட்டால் ஒப்பிட எண் இல்லை. தனி பாட்டிலின் விலையைக் குறைத்தாலும் தடை இல்லை. குடி குறைந்ததா என்று கேட்டால் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்காட்லாந்து சுகாதாரத் துறையின் ஆய்வு, கடை விற்பனை 2.6 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. வீடுகளின் கொள்முதலை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, ஒரு தடவைக்கு வாங்குவது குறைந்தது, கடைக்குப் போகும் தடவை கூடியது, மொத்தத்தில் குறையவில்லை என்றது.

பிரான்ஸ் வேறு காரணத்துக்காக இதில் இறங்கியது. 2018 ஜனவரியில் ஒரு சூப்பர் மார்க்கெட் தொடர் நுட்டெல்லாவை 4.50 யூரோவிலிருந்து 1.41-க்கு இறக்க, கடைக்குள் அடிதடியே நடந்தது. அந்த வருடம் வந்த சட்டம், விவசாயிக்கு நியாய விலை கிடைக்கணும் என்று சொல்லி, உணவுப் பொருளுக்கு 34 சதவீதத்துக்கு மேல் சலுகை கூடாது என்றது. ஏன் 34? ‘இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்’ என்றால் 33.3. அது தப்பித்தது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ என்பது 50, அது போச்சு. தனியாளுக்கு இதில் என்ன கிடைத்தது? முன்பு இரண்டு எடுத்தால் போதும், இப்போது மூன்று எடுக்கணும்.

இங்கிலாந்தில் கடைசியாக 2025 அக்டோபர் 1 முதல், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களுக்கு ‘ஒன்றுக்கு ஒன்று’, ‘இரண்டுக்கு மூன்று’ வகைச் சலுகைகளுக்குத் தடை. இதுவும் உடம்புக்காக வந்த சட்டம்தான், கணக்குக்காக அல்ல. வெறும் விலைக் குறைப்புக்குத் தடை இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பாதி விலைக்குத் தாராளமாகத் தரலாம், இரண்டு எடுத்தால் பாதி என்றுதான் சொல்லக்கூடாது. அந்தப் பண்டங்களில் மட்டுமாவது, தற்செயலாகத் தனியாளுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது. சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான், சின்னக் கடைகளுக்கு விலக்கு.

போன டிசம்பரில் லண்டன் போனபோது என் பழைய தெருமுனைக் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவருடைய கடை, படிக்கிற காலத்தில் எனக்கு மாதக் கடைசியில் கடன் கொடுத்தவர். சாக்லேட் தட்டில் கையால் எழுதிய அட்டை இன்னும் இருந்தது, ‘இரண்டு எடுத்தால்’ கணக்குதான். ஒன்று எவ்வளவு அண்ணே என்று சும்மா கேட்டேன். அட்டையில் இருந்ததைக் காட்டிவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“ஒண்டு எடுக்கிறது எல்லாம் வயசுபோன ஆக்கள்தான் தம்பி. அவைக்கு நான் ரெண்டின்ர விலையில பாதியைத்தான் போடுறனான். மெஷினில அது வராது, கையாலதான் அடிக்க வேணும்.”